துணி ரூமில் தலை பிடித்து விடுகிறவள்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பிணத்தோடு ஒரே லிஃப்டில் போயிருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் பிரஷர் பார்த்துவிட்டு வரச் சொல்லுகிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு, வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது. எங்கள் பக்கத்து உச்சிப்பொழுதைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

என் பெயர் ஆவுடைத்தாய். சிவகாசிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். என் வார்டுக்கு நேர் எதிரே தீக்காய வார்டு. அதற்கு இன்சார்ஜ் கற்பகவல்லி, என்னைவிட ஆறு வருடம் ஜூனியர். எனக்குப் பயம் காட்டியது யார் என்று பிறகு சொல்கிறேன். வயிற்றெரிச்சல் கொடுத்தது இந்தக் கற்பகவல்லிதான்.

இன்சார்ஜ் வேலை என்றால் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஒரு நர்ஸ் லீவு போட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். டாக்டருக்குக் கோபம் வந்தால் நான் திட்டு வாங்க வேண்டும். நோயாளியோடு வந்தவர்கள் சண்டை போட்டால் நடுவில் நான் நிற்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் எனக்குப் பிரஷருக்கு ஒரு மாத்திரை, அல்சருக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. கற்பகவல்லிக்கு என்னைவிடக் கொடுமையான வார்டு. தீபாவளி சீசனில் ஆர்டரை முடிக்கிற அவசரத்தில் எங்காவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்தால் முதலில் அவள் வார்டுக் கதவுதான் திறக்கும். அங்கே கட்டுப் பிரிக்கும்போது வருகிற அலறல் என் மேஜைக்குக் கேட்கும். அத்தனைக்கும் நடுவில் அவள் முகம் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். புதுசாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் எல்லாம் "கற்பகம் அக்கா, கற்பகம் அக்கா" என்று அவள் பின்னாலேயே சுற்றும். என்னைக் கண்டால் மட்டும் "மேடம்."

மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று எங்களுக்கு ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். மூச்சை இழு, நாலு எண்ணு, விடு என்றார். நான் இழுத்த மூச்சை விடுவதற்குள் வார்டிலிருந்து இரண்டு போன். கடைசியில் அவர் கற்பகவல்லியைப் பார்த்து, "உங்க முகத்துல டென்ஷனே தெரியலையே, என்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். தெனமும் மத்தியானம் பத்து நிமிசம் துணி ரூம்ல போய் உக்காருவேன். அம்புட்டுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சியும் கைதட்டினார். தீபாவளி முடிந்ததும் எங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்டு ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி எனக்கா, அவளுக்கா என்று முடிவு செய்ய வேண்டியவர் அண்ணாச்சிதான். அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

சும்மா உட்கார்ந்தால் ஒரு முகம் இப்படி இருக்குமா? இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றிவிட்டது. மறுநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அவள் பின்னாலேயே போனேன். துணி ரூம் தீக்காய வார்டின் கடைசியில் இருக்கிறது. துவைத்து வந்த விரிப்புகளை அடுக்கி வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

கற்பகவல்லி ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு பெண் நின்று தலை பிடித்துவிட்டுக் கொண்டிருந்தாள். வெளிறிப்போன பருத்திச் சேலை. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. இடது காது மடல் கிழிந்து தொங்கியது. பட்டாசு வேலைக்குப் போகிறவள் என்று பார்த்ததும் தெரிந்தது, ஏனென்றால் பத்து விரலும் வெள்ளியாக மின்னின. வெடிமருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் அப்படித்தான் ஒட்டும், எத்தனை சோப்பு போட்டாலும் லேசில் போகாது.

ஓகோ, கதை இப்படிப் போகிறதா! நோயாளிக்குத் துணையாக வந்தவளைப் பிடித்துத் தலை அமுக்கச் சொல்கிறாள். அண்ணாச்சி காதில் போட்டால் போதும், நாற்காலி எனக்குத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் கற்பகவல்லியின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பால் குடித்துவிட்டுத் தூங்குகிற குழந்தையின் முகம். புகார் சொல்லுகிற ஆசையே போய்விட்டது. எனக்கும் அது வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கற்பகவல்லி மட்டும் வெளியே வந்தாள். கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நடந்தாள். உள்ளே ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டிருப்பாள், யாராவது திறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே கற்பகவல்லி இரண்டு நாள் லீவு போட்டாள். மல்லாங்கிணறில் அண்ணன் மகளுக்குச் சடங்கு. முதல் நாளே நான் துணி ரூமுக்குப் போனேன். மணி ஒன்றேகால். வெளித் தாழ்ப்பாளை நான்தான் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கண்ணை மூடினேன்.

கந்தக வாடை... தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே, அந்த வாடை.

"சிஸ்டர்..."

முதுகுக்குப் பின்னால்.

"பிடிச்சு விடட்டுமா?"

அலமாரிக்குப் பின்னால் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன். "ம்" என்றேன்.

இரண்டு நெற்றிப்பொட்டிலும் அழுத்தம் விழுந்தது. விரல் படவில்லை. ஏதோ உருண்டையாக, மொட்டையாக அழுத்தியது. முழங்கையை வைத்து அமுக்குகிறாள் போல என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல... டாக்டரின் கத்தல், லீவுச் சண்டை, ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற போன் எல்லாம் தலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்புட்டையும் எறக்குங்க. நான் வச்சுக்கிடுறேன்."

"கற்பகத்தோட பாரமும் உன்கிட்டதான் இருக்கா?"

"ஆமா. ஏழு வருசமா."

ஏழு வருடம்! நான் மாத்திரை மாத்திரையாக விழுங்கிய ஏழு வருடமும் அவள் இங்கே உட்கார்ந்து சுகப்பட்டிருக்கிறாள். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வாய் தானாகப் பேசியது.

"இனிமே அவளுக்குப் பிடிச்சு விடாத. எனக்கு மட்டும் பிடி."

அழுத்தம் நின்றது.

"அப்ப அவுக பாரம்?"

"அவகிட்டயே குடுத்துரு."

வார்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இருமல் இல்லை. தள்ளுவண்டிச் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை...

"நெசமாத்தான் சொல்றீகளா?"

"ஆமா."

"மொத்தமாவா?"

"மொத்தமா."

கண்ணைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது.

ஓடிவந்து கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு நெற்றிப்பொட்டிலும் வெள்ளிக் கறை. வட்டமாக, பாட்டில் மூடி அளவுக்கு. விரல் தடம் ஒன்றுகூட இல்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது உண்மைக் கதை ஆகாது.

கற்பகவல்லி லீவு முடிந்து வந்தாள். காலையில் கட்டு மாற்றுகிற நேரம். ஏழாயிரம்பண்ணைக்காரர் பெத்தணன் என்று ஒரு நோயாளி, ஓரளவு ஆறி வருகிற காயம். அவள் கட்டைத் தொட்டாள்.

அலறல் கேட்டது.

பெத்தணன் அலறவில்லை. கற்பகவல்லி அலறினாள்.

நான் ஓடினேன். அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். பெயர் பெயராகச் சொல்லிக் கத்தினாள். எல்லாம் அந்த வார்டில் செத்துப்போனவர்களின் பெயர்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாகளே... அக்கா, எல்லாரும் எரியுறாகளே... யாரைன்னு நான் பார்ப்பேன்!"

ஊசி போட்டுத்தான் அடக்க முடிந்தது. அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. நாற்காலி எனக்கு வந்தது. சால்வை போர்த்தும்போது அண்ணாச்சி சொன்னார், "ஆவுடைத்தாய் சிஸ்டர் முகத்துல இப்பதான் ஒரு தெளிவு வந்துருக்கு." எல்லோரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை எனக்கு. அன்று மத்தியானமும் நான் துணி ரூமுக்குப் போனேன். பயந்துகொண்டேதான் போனேன், ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை.

தை மாதம் மல்லாங்கிணறுக்குப் போய்க் கற்பகவல்லியைப் பார்த்தேன். அம்மா வீட்டில் இருந்தாள். குக்கர் விசில் கேட்டால் நடுங்குகிறாள் என்று அவள் அம்மா குக்கரையே எடுத்து வைத்துவிட்டார். ஆனாலும் என்னைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். கையை மட்டும் போர்வைக்குள் வைத்திருந்தாள். மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"துணி ரூம்ல உனக்குத் தலை பிடிச்சு விடுவாளே, அந்தப் பொம்பள யாரு?"

"எந்தப் பொம்பள? அங்கன நான் மட்டும்தானேக்கா உக்காந்திருப்பேன்."

அடையாளம் சொன்னேன். இரட்டை மூக்குத்தி, கிழிந்த இடது காது, பத்து விரலிலும் வெள்ளி. அவள் முகம் மாறியது.

"அது இருளம்மாள்க்கா. தாயில்பட்டிக்காரி. ஏழு வருசத்துக்கு முன்ன நம்ம வார்டுல செத்தா. நீங்க அவளைப் பார்த்திருக்கவே முடியாதே, அப்ப நீங்க ஆபரேசன் லீவுல இருந்தீக."

நான் என் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அதுவும் விரலைப் பார்த்தேன்னு சொல்றீக..." என்று இழுத்தாள். "அவளுக்குக் கையே இல்லையேக்கா. வெடிச்சப்பவே ரெண்டும் மணிக்கட்டோட போயிருச்சு. கட்டுக்குள்ள இருந்ததால அவளுக்குத் தெரியாது. 'என் கை இருக்கா சிஸ்டர்'ன்னு கேட்டா. 'இருக்கு, நான்தான் பிடிச்சிருக்கேன்'ன்னு சொன்னேன். 'விரலை அசைக்கிறேன், தெரியுதா'ன்னா. 'தெரியுது'ன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டா."

அதைச் சொல்லும்போது கையை வெளியே எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளி. பளபளவென்று.

"இது என்னன்னே தெரியல சிஸ்டர்," என்றார் அவள் அம்மா. "கழுவக் கழுவ வந்துக்கிட்டே இருக்கு. தூங்கும்போது யாரு கையையோ பிடிச்ச மாதிரி ரெண்டு கையையும் இறுக்கி வச்சுக்கிடுறா."

நான் பஸ் ஏறினேன்.

மறுநாள் ஒன்றேகால் மணி. ஸ்டூலில் உட்கார்ந்தேன். கந்தக வாடை வந்தது. அதே உருண்டை அழுத்தம்... இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று.

"இருளம்மா..."

"ம்."

"உன் கை எங்க?"

அழுத்தம் நிற்கவில்லை.

"மல்லாங்கிணத்துல. அவுகதான் பிடிச்சிருக்காக."

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கு வரை வரவில்லை. கற்பகவல்லிக்கு வேலை போனது, தூக்கம் போனது, அவளுக்குப் போயிருக்க வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தும் அந்தப் பத்து விரலும் அவளிடம்தான் இருக்கின்றன. அதை நினைக்கும்போது பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் எனக்கு அதிகமாக வருகிறது.