கடித்துக் கொடுத்த பிஸ்கோத்து

அந்த நாய்க்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு மனிதர் யாராவது முதலில் ஒரு கடி கடித்துவிட்டுக் கொடுத்தால்தான் எதையும் தின்னும். கறித்துண்டாகவே இருந்தாலும், கடிக்காமல் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்ளும். எச்சில் ஒழுகும். வாயைத் திறக்காது.

அப்படிப் பழக்கியவர் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம். அவருடைய முந்தைய நாயை யாரோ மதிலுக்கு மேலாக விஷக் கறி போட்டுக் கொன்றுவிட்டார்களாம். அதற்குப் பிறகு வந்த இந்த நாயை, குட்டியிலிருந்தே, தான் கடித்துக் கொடுத்ததை மட்டும் தின்னும்படி வளர்த்திருந்தார். பிரெஞ்சு ஆட்சி போன பின்னும் இரண்டு வருஷம் இருந்து பார்த்தார். பிறகு அவரும் கப்பலேறினார். நாயையும் ஒரு சாம்பல் நிறப் பூனையையும் என்னிடம் விட்டுப் போனார். அந்தத் தெருவில் அவரோடு பிரெஞ்சில் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்ததற்கு எனக்குக் கிடைத்த பலன் அது.

பிஸ்கோத்து சுடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கேழ்வரகு மாவு இரண்டு பங்கு, கோதுமை மாவு ஒரு பங்கு, வேகவைத்து மசித்த பறங்கிக்காய், ஒரு முட்டை. நெத்திலிக் கருவாட்டை மூன்று முறை தண்ணீர் மாற்றி, உப்புப் போக ஊறவைத்து, மறுபடி வெயிலில் காயவைத்து இடித்துப் போட வேண்டும். உப்பு, சர்க்கரை, வெங்காயம் மூன்றும் ஆகாது. மதாம் வீட்டில் சுடுவதற்கென்றே இரும்பு அடுப்பு இருந்தது. என்னிடம் இல்லை. கனமான குண்டானில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடிக்கு மேலே தணலைக் கொட்டிச் சுடுவேன். நாய்க்கு எலுமிச்சை அளவில் உருட்டி லேசாக அமுக்கியது. பூனைக்குச் சுண்டைக்காய் அளவில், கருவாடு கொஞ்சம் தாராளமாக.

குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளுக்கு அந்த மணம் பெரிய வேடிக்கை.

"இன்னாம்மா, நாய்க்கு பிஸ்கோத்து சுடுற. உன் வூட்டுக்காரருக்கு இன்னா, பழைய சோறா?"

"அவருக்கும் ஒண்ணு குடுத்துப் பாத்தேன். உப்பில்லன்னுட்டாரு."

"அப்ப நாயே தேவல. வாய் பேசாம துன்னுது."

ஒவ்வொரு பிஸ்கோத்தையும் ஓரத்தில் கடித்துவிட்டு நாய்க்குக் கொடுப்பேன். என் மகள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் இரண்டு தும்மல் போட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது. நாய் கையை நக்கும், அதே கையை வாயில் வைப்பாள், வயிற்றில் பூச்சி வரும் என்று எனக்குப் பயம். அதனால் நாய்க்கு எதையும் கடித்துக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நான் பார்க்காதபோது அவள் கொடுக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். டப்பாவில் எண்ணிக்கை குறையும்.

அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு புதன்கிழமை சாயங்காலம் தெருவில் தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். நாளைக் காலை தெருநாய்களைக் கொல்ல மருந்து வைக்கிறார்கள், வளர்ப்பு நாய்களைக் கட்டிப்போடவும் என்று. நான் நாயைக் கிணற்றுத் தூணில் சங்கிலியால் கட்டினேன். மகள் ஏன் என்று கேட்டாள். மருந்து, சாவு என்றெல்லாம் சொன்னால் இரவு பயந்து அழுவாள் என்று நினைத்து, "தெருவுல சண்டை போடுது, அதான்" என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. அவள் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கு வியாழன்தான் விடுமுறை. என் வீட்டுக்காரர் கோர்ட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். நான் அடுப்படியில் மூடியின் மேல் தணலைப் பரப்பிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மாள் கூடையை இறக்கும் சத்தம் கேட்டது. கூடவே சங்கிலி தரையில் அடிக்கும் சத்தம். நாய் தினவெடுத்துப் புரள்கிறது என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

போய்ப் பார்த்தபோது நாய் ஒருக்களித்துக் கிடந்தது. நான்கு கால்களும் கட்டை மாதிரி விறைத்து, கழுத்து பின்னால் வளைந்திருந்தது. என் மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தரையில் கொஞ்சம் துணுக்குகள். மீன்காரம்மாள் ஒன்றை இலையால் எடுத்து முகர்ந்தாள்.

"இது உன் பிஸ்கோத்து இல்லம்மா. மருந்து உருண்ட. எங்க குப்பத்துலயும் விடியக்காலம் போட்டுட்டுப் போனானுங்க."

"எங்கடி எடுத்த?" என்று மகளைக் கேட்டேன்.

"வாசல்ல கெடந்துச்சும்மா. நீ போட்டதுன்னு நெனச்சேன்."

"கடிச்சியா?"

"இல்ல."

"நீ கடிக்காம அது எப்பிடித் துன்னுச்சு?"

அவள் கைகளை இன்னும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கடிக்காமல் கொடுத்ததை அந்த நாய் ஒருநாளும் தின்றதில்லை. நாய் தின்றிருக்கிறது. ஆகவே இவள் கடித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்தவை வரிசையாக நினைவில் இல்லை. அவள் தொண்டைக்குள் விரலை விட்டேன். காலையில் பாலில் நனைத்துத் தின்ற ரொட்டி வந்தது. மீன்காரம்மாள் தெருமுனைக்கு ஓடி ரிக்‌ஷாவைக் கூட்டிவந்தாள். பெரிய மார்க்கெட் பக்கம் ஜனநெரிசலில் வண்டி நின்றபோது, மீன்காரம்மாள் வண்டியிலிருந்து இறங்கி முன்னால் நடந்து, "வழி வுடு, கொழந்த" என்று கூடைக்காரர்களை விலக்கிக்கொண்டே போனாள். நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அவள் கண்ணிமை துடித்தாலும் எனக்கு அது இழுப்பாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் வயதான டாக்டர். எப்போது தின்றாள், எவ்வளவு தின்றாள் என்று கேட்டார். எனக்கு இரண்டும் தெரியாது. குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். பிறகு சன்னல்களைச் சாத்தி, இருட்டாக்கிய அறையில் படுக்கவைத்தார்கள்.

"சத்தம் கூடாதும்மா. சத்தம் கேட்டா இந்த மருந்து ஒடம்ப இழுக்கும். கை கால் வெடுக்குன்னு ஆடினா உடனே கூப்பிடுங்க. ரெண்டு மணி நேரம் தாண்டிட்டா பயம் இல்ல."

இரண்டு மணி நேரம் நான் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ ஒரு தட்டைத் தவறவிட்டார்கள். அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். நான் கத்திவிட்டேன். நர்ஸ் ஓடிவந்து அவள் கை கால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, சும்மா பயந்திருக்கிறாள் என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டார். சத்தம் கேட்டால் எந்தக் குழந்தையும் திடுக்கிடும். எது மருந்து, எது குழந்தை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவள் காதருகில் குனிந்து கெஞ்சினேன். "அம்மா அடிக்க மாட்டேன். திட்ட மாட்டேன். எவ்ளோ கடிச்ச, சொல்லு."

"நெசமா கடிக்கலம்மா. நீதான் கடிக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"அப்பறம் எப்பிடி?"

"கடிக்கிற மாதிரி பண்ணுவேன். பல்லுல படாது. மெல்லுற மாதிரி வாய ஆட்டுவேன். தெனமும் அப்பிடித்தான். அது நம்பிடும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடிக்குப் பயந்து இப்போதுதான் கதை கட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். டாக்டர் வந்து சன்னலைத் திறந்து, அவளை எழுப்பி நடக்கவிட்டுப் பார்த்து, "கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன பிறகுதான் அவள் சொன்னது உண்மை என்று என் புத்தியில் ஏறியது. என் வீட்டுக்காரர் தகவல் கேட்டு, கோர்ட்டிலிருந்து சைக்கிளில் வந்து வாசலில் நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். மீன்காரம்மாள்தான் சொன்னாள்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் அவள் கேட்டாள். "அது செத்துப்போச்சாம்மா?"

"ஆமாம்."

மார்க்கெட்டைத் தாண்டியதும் மறுபடி கேட்டாள். "நான் ஏமாத்துனதாலயா?"

"மருந்தாலடி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். முதல் நாள் தமுக்கில் என்ன சொன்னார்கள் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசலில் கிடந்ததை அவள் தொட்டிருக்க மாட்டாள்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பூனை கிழடாகிவிட்டது. அதற்காக மாதம் ஒருமுறை இன்னும் சுடுகிறேன். பாலில் ஊறவைத்துக் கொடுக்கிறேன். தட்டை எடுக்கும்போது அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் கையால் எந்தப் பிராணிக்கும் எதையும் வைப்பதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் அன்று கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்பாள். இந்த முறை நான் முழுதாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த இருட்டறையில் இருந்த பயத்துக்கு இந்தப் பயம் குறைந்ததல்ல. சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் மாவு பிசையும்போது நினைக்கிறேன். இதுவரை சொல்லவில்லை.