மிலிட்டரி சாமி கொடுத்த அபராதம்

பூட் பாலிஷ் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் கோயில் பீடம்தான் நினைவுக்கு வரும். நெய்வேலியில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்குக்கு வந்த சாமியார், பல ஆண்டுகள் பட்டாளத்தில் குருவாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அங்கிக்குக் கீழே கறுப்பு பூட்ஸ் பளபளக்க நடப்பார், பிரசங்கத்தை ஏழே நிமிடத்தில் முடிப்பார், பூசைக்குப் பிந்தி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பார். ஊர் அவருக்கு ‘மிலிட்டரி சாமி’ என்று பெயர் வைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் அவரிடம் நேரம் காலம் கிடையாது. ஷிஃப்ட் முடிந்து சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நிற்பவருக்கும் கதவு திறக்கும்.

அந்தக் கதவுப் பக்கமே போகாத ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார், என் அப்பா. தம்பியின் ஞானஸ்நானத்தன்று அவருக்குச் செகண்ட் ஷிஃப்ட். கூட வேலை பார்த்த, பக்கத்து ஊர் வடக்குத்து ஏழுமலை மாமா, ‘நீ போய் புள்ளயப் பாருய்யா, நான் பாத்துக்கறேன்’ என்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனார். அடக்கத்தில் ஓரமாக நின்றுவிட்டு வந்த அப்பா, அதன்பின் அந்த வீட்டுப் படி ஏறவில்லை, கோயிலில் நற்கருணை வாங்கவுமில்லை. ‘அவரு விதி அவ்ளோதாங்க’ என்று அம்மா ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். தம்பி பிறக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட நான் நினைத்திருக்கிறேன்.

வருஷத் தெவசம் நெருங்கியபோது, தவக்காலத்தில் ஒரு மாலை, அப்பா சாமியாரிடம் போனார். நாலு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனவர், பாவத்துக்குப் பரிகாரமாகக் கிடைத்த அபராதத்தை வீட்டுக்கு வந்து அவராகவே சொன்னார்: தெவசத்துக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பட்டாளத்தில் ஒருவன் இறந்தால் பெட்டியோடு அவன் ஊருக்குப் போகிறவன் கூட இருந்த சிப்பாய்தானாம். ‘அவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காம தப்பிக்க அங்க வழியில்ல’ என்றாராம் சாமியார்.

தனியே போக அப்பாவுக்குக் கால் எழவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் சாமியாரும் வந்தார், நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கி போட்டவரைக் கண்டு உறவுக்காரர்கள் திருதிருவென்று முழிக்க, அவரோ பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ‘எங்க யூனிட்ல பண்டிட் லீவுல போனா நான்தாங்க ஆரத்தி காட்டுவேன்’ என்று கற்பூரத் தட்டை வாங்கி அப்பாவின் கையில் கொடுத்தார். மாமாவின் படத்துக்கு முன்னால் அப்பா தட்டைச் சுற்றினார். அத்தை, அதாவது ஏழுமலை மாமாவின் மனைவி, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘ஷிஃப்ட்ட மாத்திக்கினதுக்கு ஆருண்ணா உன்னக் குத்தம் சொன்னா? இன்னிக்கு வருவ, நாளிக்கு வருவன்னு ஒரு வருசமா வாசலப் பாத்துக்கினு குந்தினு இருந்தேன். அதுக்குத்தான் கோவம்.’

அப்பா விம்மி விம்மி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, கூடவே பெரிய நிம்மதியும். அழுது முடித்தவர் இலையில் உட்கார்ந்து மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு நற்கருணை வரிசையில் நின்றார்.

மிலிட்டரி சாமி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது முள்செடிதான். ரிட்டயரான அப்பா ஊர் ஊராக மனை பார்க்கவில்லை. வடக்குத்தில், அத்தை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டார். தெவசத்துக்கு அவரை யாரும் வந்து அழைப்பதில்லை. அழைத்தால் கோபித்துக்கொள்வார்.