முகப்பில் வராத அப்பா

அப்பாவின் காரியம் முடிந்து நான் பெரம்பலூர் திரும்பிய பிறகு, அரியலூரிலிருந்து அவருடைய கூட்டாளி கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே சிமெண்ட் லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். ஊரை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்ட மனிதர்.

"உங்கப்பன் போயிட்டானாமே. பஸ்ஸுல எவனோ சொல்லித்தான் தெரியுது. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடா?" என்று அழுதார்.

"நம்மூரு வலைப்பூவுல போட்டேனே மாமா."

"தெனம் காலையில அதத்தாண்டா பாக்குறேன். திருவிழா இருக்கு, கல்யாணம் இருக்கு. உங்கப்பன் இல்ல. தெரிஞ்சிருந்தா மத்தியானத்துக்குள்ள வந்திருப்பனே. மொகத்தப் பாத்திருப்பனே."

அந்த வலைப்பூவை உருவாக்கியதே நான்தான். இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. வேப்பந்தட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரின் நலச் சங்கம் கேட்டதால் சும்மாவே செய்து கொடுத்தேன். எங்கள் ஊரில் யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி எந்தத் தெரு என்பதுதான். அதனால் பதிவு போடுகிறவர்கள் தெருப் பெயரையே லேபிளாகப் போட்டுப் பழகிவிட்டார்கள். எங்கள் தெருவுக்குக் காலனி என்று லேபிள்.

அப்பாவின் பதிவை இணைப்பு வழியாகத் திறந்தேன், திறந்தது. வலைப்பூவின் முகப்புப் பக்கத்துக்குப் போனேன், இல்லை. எந்தப் பதிவு எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தபோது, முகப்பில் பதிவுகளை வரிசையாக அடுக்கும் இடத்தில் நான் எழுதாத ஒரு வரி உட்கார்ந்திருந்தது. லேபிள் காலனி என்றிருந்தால் அந்தப் பதிவைத் தாண்டிப் போ. அவ்வளவுதான். எவனோ இடம் பார்த்து, அடைப்புக்குறி தவறாமல், சுத்தமாக எழுதியிருந்தான்.

பழைய பதிவுகளையும் தேடிப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்ணுக்கு நர்ஸிங் சீட் கிடைத்தது, பையன்கள் கபடியில் கோப்பை வாங்கியது, எதுவுமே முகப்பில் வந்ததில்லை. நாங்கள் பதிவு போட்டவுடன் இணைப்பைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவோம், எல்லோரும் அதைத் தொட்டுப் படிப்பார்கள். ஒருவர்கூட முகப்பு வழியாக உள்ளே போனதில்லை. எங்களை வெளியே நிறுத்தி வைத்திருப்பது எங்களுக்கே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது.

மறுநாள் ஊருக்குப் போய்ச் சங்கச் செயலாளரின் இரும்புக் கடையில் நின்றேன். பதிவு யாரும் போடலாம்; டெம்ப்ளேட்டைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடமும் அவரிடமும் மட்டுமே உண்டு.

"யாருண்ணே இந்த வேலையப் பாத்தது?"

"திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்துச்சு தம்பி. அந்த நேரத்துல சாவுச் சேதி முன்னாடி நிக்கக் கூடாதுன்னுதான்..."

"அதே வாரம் பெரிய தெருவுல ஒருத்தர் செத்தாரு. மாலை போட்ட படம் முன்னாடிதான் நின்னுச்சு. சாவு வரக் கூடாதுன்னா சாவுன்னுல்ல எழுதியிருக்கணும்? காலனின்னு எழுதியிருக்கு."

அவர் முகம் மாறவில்லை. "எதையும் அழிக்கலையே தம்பி, எல்லாம் உள்ள பத்திரமாத்தான இருக்கு. வேணும்னா உங்களுக்குன்னு தனியா ஒரு பக்கம் போட்டுக்குவோம். நீங்களே பாத்துக்கலாம்."

இதை அவர் அன்பாகச் சொன்னார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"தனியா எங்களுக்குச் சுடுகாடு இருக்குண்ணே. எங்கப்பாவ அங்கதான் எரிச்சேன். அது ஒண்ணு போதும்."

அங்கேயே நின்று, போனில் அந்த வரியை அழித்தேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். முகப்பைத் திறந்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். திருவிழாப் படங்களுக்கு நடுவே காக்கிச் சட்டையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். செயலாளர் திரும்பிக்கொண்டு யாருக்கோ ஆணி நிறுத்துப் போட்டார்.

வெளியே வந்து அரியலூருக்குப் பேசினேன். "இப்பப் பாருங்க மாமா."



"தெரியுதுடா," என்றார். "இனிமே தெரிஞ்சு நான் எங்கடா வரது?"