இளைய மகளின் அத்திவாரத்தில் ஓர் ஆட்டுக் கொட்டில்

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நாங்கள் இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, இளையவளுக்குப் பின்வளவில் அத்திவாரம் போட்டேன். சீமெந்து விலை ஏறியதும் அது அப்படியே கிடந்தது.

உரமோ பசளையோ கிடைக்காமல் வயல் எங்களைக் கைவிட்ட காலத்தில் மூன்று தொண்டு நிறுவனங்கள் ஒன்றாக வந்தன. நெல்லை மட்டும் நம்பாதீர்கள், ஆடு, கோழி, மரக்கறி எல்லாம் சேர்த்துச் செய்யுங்கள் என்றார்கள். நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஒன்று ஆடு தந்தது, ஒன்று மரக்கறிக் கன்றுகள் தந்தது, மற்றது கொட்டில் கட்டித் தந்தது. கட்ட வந்த உத்தியோகத்தர் அத்திவாரத்தைக் கண்டதும், "நானா, பாதி வேலை முடிஞ்சிரிச்சே!" என்று என்னை அண்ணன் முறை சொல்லிச் சிரித்தார். கல்யாணப் பேச்சு வந்தால் கழற்றிவிடலாம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். எழும்பாத வீட்டின் ஹோலில் ஆடு, மகளின் அறையில் கோழி, குசினியில் கத்தரிக் கன்று.

பண்ணை நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை. மாதிரிப் பண்ணை என்று பலகை நட்டார்கள். எங்கெங்கிருந்தோ வேனில் ஆட்கள் பார்க்க வந்தார்கள். மூவரையும் கேட்காமல் ஒரு தடியைக்கூடக் கழற்றக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அப்போதுதான் ஒலுவில் ஊரிலிருந்து இளைய மகளுக்குச் சம்பந்தம் வந்தது. நல்ல பொடியன், அவளுக்கும் பிடித்திருந்தது. பொடியனைப் பெற்ற உம்மா வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு எப்ப எழும்பும்?" என்று மட்டும் கேட்டார். பண்ணைக் காசை நம்பி, "கெதியா, இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

கொட்டிலைக் கழற்ற அனுமதி கேட்டு மூன்று நிறுவனங்களுக்கும் நடையாய் நடந்தேன். மூன்றிலும் ஒரே பதில்தான். "எங்கட பக்கம் ஒரு பிரச்சினையும் இல்ல நானா. மத்த ரெண்டு பேரும் ஓமெண்டா சரி." ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

ஒரு நாள் காலை பொறுமை விட்டுப்போய், கெம்பிப் பிரிக்கிற இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் இறங்கினேன். மகள் ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"வேணாம் வாப்பா."

"தள்ளு மகள். ஆர் வந்து கேட்டாலும் நான் கதைச்சிக்கிறன்."

"ஒலுவில் ஆக்கள் வேற இடத்துல பேசி முடிச்சிட்டாங்க. ராத்தா நேத்துத்தான் சொன்னா," என்று தன் அக்கா சொன்னதைச் சொன்னாள்.

அலவாங்கு என் கையிலேயே இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இண்டைக்குப் பண்ணை பாக்க ஆக்கள் வாறாங்க," என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து ஆட்டுப் புழுக்கையைக் கூட்டத் தொடங்கினாள்.

வாசலில் வேன் ஹோர்ன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேற்றைத் திறக்கப் போனேன்.