ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் முன்னால், கிடர்பூரில் ஐந்து டயர்

இது ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணமல்ல. என் மகள் வித்யா சிலிகுரியில் இருக்கிறாள்; மருமகனுக்கு அங்கே வங்கி வேலை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அழைத்து வருவதுதான் முறை. ஆனால் ஏழாம் மாதத்திலேயே டாக்டர் பயணமே கூடாது என்று படுக்க வைத்துவிட்டார். அதனால் என் மனைவி ஒரு மாதம் முன்பே விமானத்தில் போய்விட்டாள். தொட்டில், கட்டில், பீரோ, கிரைண்டர், பத்து மூட்டை பொன்னி அரிசி எல்லாவற்றையும் எங்கள் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் போக வேண்டும். செப்டம்பர் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சிசேரியன் என்று குறித்திருந்தார்கள். எதற்கும் அடம்பிடிக்கிற பெண் அல்ல அவள். போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னை உள்ள கூட்டிட்டுப் போறப்ப நீங்க வெளிய நிக்கணும்ப்பா." நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நாமக்கல்லில் கிளம்பியது ஞாயிறு காலை ஐந்து மணி. கூட வந்தவர் மச்சான் செல்வராஜ். என் மனைவியின் அண்ணன், முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வண்டியில் இருந்த நான்கு டயர்களும் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியவை. கிளம்பும் முன்பே மாற்றிவிடலாம் என்றேன். "இன்னும் மூணு வாரத்துல ஆயுத பூஜ வருதுங் மாப்ள. புது டயரு போட்டு, பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தா நல்லாருக்குமுங்க" என்றார். வண்டிக்கு எது புதிதாக வாங்கினாலும் ஆயுத பூஜைக்கு வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் பிறகு அனுபவித்தோம்.

நெல்லூர், விசாகப்பட்டினம், பத்ரக் என்று மூன்று இரவு தங்கல். இரவில் ஓட்டுவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். புதன் காலை எட்டேகாலுக்கு, பாலேஸ்வர் தாண்டி நாற்பதாவது கிலோமீட்டரில், பின் இடது டயர் வெடித்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. ஸ்டெப்னியை இறக்கினோம். ஒரு தடவைகூட மாட்டாத டயர் என்று வருடக்கணக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஸ்டெப்னி அது. தரையில் படுகிற பட்டனெல்லாம் தேயாமல் முழுசாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் விரல்நகம் இறங்கும் அளவுக்கு வெடிப்பு. டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். கணக்குப் போட்டால் எங்கள் ஸ்டெப்னிக்கு ஒன்பது வயது. மச்சானிடம் காட்டினேன். "டயருக்கு எதுக்குங் மாப்ள ஜாதகம்?" என்றார்.

அதைவிடப் பெரிய கோளாறு அளவில். வண்டி வாங்கியபோது வந்தவை 215/75 R15. பாரம் ஏற்றுகிறோமே என்று பிறகு நான்கையும் டியூப் போட்ட 7.00 R15க்கு மாற்றினேன். ஸ்டெப்னியை மட்டும் மாற்றவில்லை. 'அது சும்மாதானே தொங்குகிறது' என்ற புத்தி. ரிம் இரண்டுக்கும் ஒன்றுதான், மாட்டிவிடலாம். ஆனால் உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைவு. நொண்டிக்கொண்டு, நாற்பத்தைந்துக்கு மேல் போகாமல், கொல்கத்தா வரை மீதி நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரை ஓட்டினோம். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஹூக்ளி ஆற்றைத் தாண்டி, கொல்கத்தாவின் கிடர்பூர் வந்தபோது மணி ஒன்றரை. துறைமுகம் பக்கம், லாரிகள் நிற்கிற இடம். டயர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் கடை பூட்டு. இரண்டாவதில் ஒலிபெருக்கி அலறியது. டயர் கழற்றும் மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். மூன்றாவதில் எல்லோரும் புதுச்சட்டையில் அரிசியும் பருப்பும் சேர்த்த கிச்சுடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வானம் முழுக்கப் பட்டம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்காவது கடையில், யானை மேல் உட்கார்ந்திருந்த சாமி பொம்மையைப் பார்த்ததும் மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். விஸ்வகர்மா பூஜை. வங்காளத்துப் பட்டறைக்காரர்களின் ஆயுத பூஜை. நாங்கள் எங்கள் பூஜைக்காகத் தள்ளிப்போட்ட வேலை, அவர்கள் பூஜையில் வந்து மாட்டிக்கொண்டது.

அந்தக் கடைக்காரர் தாஸ் பாபுவுக்கு அறுபது வயது இருக்கும். மச்சானுக்கு லாரிக்காரர் இந்தி உண்டு, அவர்தான் பேசினார். தாஸ் பாபு சொன்னதன் சாரம் இது: டயர் வேண்டுமானால் தருகிறேன், ஸ்பேனரையும் மெஷினையும் இன்று யாரும் தொடமாட்டார்கள், நாளை பதினோரு மணிக்கு வாருங்கள். நாளை பதினொன்று என்றால் கதை முடிந்தது. சிலிகுரி இன்னும் ஐந்நூற்று எண்பது கிலோமீட்டர். ராத்திரி முழுக்க ஓட்டினால்தான் வெள்ளி காலைக்குள் போய்ச் சேரலாம்; ராத்திரி ஓட்டமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னது வேறு. இரட்டிப்புக் கூலி தருகிறேன் என்று கேட்கச் சொன்னேன். மச்சான் கேட்க மறுத்துவிட்டார்.

"அவரு சொல்றது நாயந்தானுங்க. நம்மூர்ப் பட்டறைல ஆயுத பூஜயன்னிக்கு எவனாச்சும் ஸ்பேனரத் தொட்டா நீங்க உடுவீங்களா?"

விடமாட்டேன். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வெட்கமில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாஸ் பாபு என்னைப் பார்த்தார், விஷயம் கேட்டார். மச்சான் வித்யாவைப் பற்றிச் சொன்னார். தாஸ் பாபு பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: "உங்க ஊர்ல இந்தப் பூஜை எப்போ?" இன்னும் மூன்று வாரம் என்றார் மச்சான். தாஸ் பாபு எங்கள் வண்டியின் டூல்ஸ் பெட்டியைக் காட்டினார். "அப்போ உங்க சாமானுக்கு இன்னிக்கு லீவு இல்லையே, அண்ணா?"

சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஆனால் எழுந்துவிட்டோம். எங்கள் ஜாக்கி, எங்கள் ஸ்பேனர், லாரிக் காலத்திலிருந்து மச்சான் விடாமல் வைத்திருக்கும் இரண்டு டயர் லிவர். கடையில் 7.00 R15 ஒரே கம்பெனியில் ஐந்து இருந்தன. மச்சானைக் கேட்காமல் ஐந்தின் பக்கவாட்டையும் படித்தேன். நான்கு ஒரே வாரம், ஒன்று ஆறு வாரம் மூத்தது, எல்லாம் இந்த வருடத்தவை. டயர் ஒன்று 7,900, டியூப் 950. பாரத்துக்கு ஏற்ற லோடு ரேட்டிங் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். மலிவாக இன்னொரு கம்பெனி இருந்தது, அது காருக்கானது.

ஐம்பத்தெட்டு வயதில் டயரைக் கையால் ஏற்றிப் பார்த்தால்தான் மெஷினின் அருமை தெரியும். மச்சான் சோப்புத் தண்ணீர் தடவி லிவரால் நெம்புவார், நான் முழங்காலால் அழுத்திப் பிடிப்பேன். கடைக் கம்ப்ரசருக்கும் மாலை போட்டாயிற்று என்பதால் காற்றடிக்க இருநூற்றைம்பது மீட்டர் தள்ளி பெட்ரோல் பங்க். பஸ்ஸுக்கும் கைவண்டிக்கும் நடுவில் சக்கரத்தை உருட்டிப் போய், உருட்டி வர வேண்டும். இருப்பது ஒரே ஜாக்கி, ஒன்றை மாட்டினால்தான் அடுத்த ரிம் கழலும். மூன்றாவதில் லிவர் டியூப்பைக் கடித்துவிட்டது, இன்னொரு 950. நடுவில் தாஸ் பாபு இரண்டு தட்டுக் கிச்சுடி கொண்டுவந்து வைத்தார். கருவியைத்தான் தொடவில்லை, எங்கள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு முடிந்தபோது ஆறு மணி. மச்சான் லிவரைக் கீழே போட்டார். "போதுமுங் மாப்ள. பழைய ஸ்டெப்னியவே தொங்க உட்டுக்கலாம். ஒரு நாள் பொழுதுதான?"

எனக்கும் அதுதான் ஆசை. தோள்பட்டை என்னுடையதாகவே இல்லை. ஆனால் காலையில் அந்த ஒன்பது வயது டயர் மேல் உட்கார்ந்து வந்த ஐந்து மணி நேரம் கண்ணில் நின்றது. "மச்சான், நீங்க உக்காருங்க. நான் நெம்பறேன்" என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டு லிவரை எடுத்துக்கொண்டார். ஐந்தாவது முடிய ஏழேகால். பழைய டயர்களைத் தாஸ் பாபுவிடமே விட்டோம். பவானிபூரில் ஒரு லாட்ஜ், அறை 1,400. சாப்பிடாமல் தூங்கினோம்.

வியாழன் காலை ஐந்துக்குக் கிளம்பி, ஐம்பதாவது கிலோமீட்டரில் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கினோம். கிருஷ்ணநகர், பஹரம்பூர், ஃபராக்கா. மால்டாவுக்கு இருபது கிலோமீட்டர் முன்னால், முன் வலது டயரில் ஒரு போல்ட் ஏறியது. இறங்கிப் பார்த்தோம். இருவரும் சேர்ந்து புது ஸ்டெப்னியை இறக்கினோம். இருபத்தைந்து நிமிடம். இந்த முறை வண்டி நொண்டவில்லை. இரவு எட்டு நாற்பதுக்குச் சிலிகுரி.

போகிறவர்களுக்கு: டயர் மாற்றினால் ஐந்தாக மாற்றுங்கள். ஸ்டெப்னியின் அளவையும் அந்த நான்கு எண்களையும் இன்றே, இதைப் படித்து முடித்ததும், குனிந்து பாருங்கள். கொல்கத்தாவில் சரக்கு வண்டிகளைப் பகலில் விடாத சாலைகள் உண்டு, நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். கடைகள் பதினொன்றுக்கு முன் திறக்காது. நம் காலண்டரோடு, போகிற ஊர்க் காலண்டரையும் பாருங்கள். டயரைக் கையால் ஏற்றிய பிறகு பேலன்ஸிங் அவசியம். நான் சனிக்கிழமை செய்தேன்.

வெள்ளி காலை எட்டு ஐம்பதுக்கு வித்யாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளி வந்தார்கள். என் கையைப் பிடித்தாள். எத்தனை சோப்புப் போட்டும் நகத்தில் கறுப்பு போகவில்லை. "என்னப்பா கை இது?" என்றாள். "டயர் மாத்துனேன் சாமி" என்றேன். அதற்குள் கதவு மூடிவிட்டது.

பெண் குழந்தை. என் மனைவி வாங்கி முதலில் என் மடியில் வைத்தாள். மச்சான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, பிஞ்சு மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தேதி பாத்துட்டனுங் மாப்ள" என்றார். "புதுசுதானுங்க."