சுடாத கால்

வலித்த நாட்களைக்கூட நான் மறந்துவிடுவேன். வலி நின்ற நாட்களைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

எண்பதுகளில் நாங்கள் பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு ஒன்றில் இருந்தோம். லிஃப்ட் என்று ஒன்று இருந்தது. வேலை செய்யாது, அவ்வளவுதான். எனக்குப் பக்கத்து எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப் வேலை. தலைமுடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று ஷிஃப்ட் முழுக்கக் குனிந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், சூப்பர்வைசர் அம்மா பின்னால் வந்து நின்று, "மேலே என்ன, படம் ஓடுதா?" என்று மலாயில் கேட்பாள். அவளுக்கென்ன, நடந்துகொண்டே இருக்கிற வேலை.

முதலில் இடுப்பில் ஒரு பிடிப்பு. கோயோ பிளாஸ்டர் ஒட்டினேன், சரியானது. பிறகு பிளாஸ்டருக்கும் அடங்கவில்லை. வலி பின்பக்கமாக இறங்கி, தொடை, கெண்டைக்கால் என்று இடது பாதம்வரை போய் உட்கார்ந்துகொண்டது. தும்மினால் உயிர் போய் உயிர் வரும். குளியலறையில் குனிந்து வாளியைத் தூக்க முடியாமல் அப்படியே நின்று அழுதிருக்கிறேன். என் மகளுக்கு அப்போது நன்றாக நடக்கத் தெரியும், ஆனால் மகாராணி நடக்க மாட்டாள், இடுப்பில்தான் ஏறுவாள். அவளைத் தூக்க முடியவில்லையே என்றுதான் கடைசியில் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் தமிழர், சின்னப் பையன் மாதிரி இருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்புக்கு நடுவுல ஜவ்வு தேஞ்சுபோச்சும்மா. பயப்படாதீங்க, உலகம் பூரா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்குது. வலிக்கிறவரைக்கும் சமாளிக்கலாம். கால் மரத்துப்போனா, பலம் குறைஞ்சா, அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் குதித்தேன். "வலிச்சா நல்லதாம்! படிச்சவன் பேசுற பேச்சா லா இது?" அவர் ஜுருவில் கார் பட்டறையில் வேலை செய்கிறவர், எதற்கும் சிரிப்பவர். "எஞ்சின் சத்தம் போட்டா ஓடுதுன்னு அர்த்தம்," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அவருக்கு டீ கிடைக்கவில்லை.

டாக்டர் சொன்னதில் என் காதில் நின்றது ஒரே ஒரு சொல்: ஆபரேஷன். ஃபேக்டரியில் எங்கள் லைனில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். முதுகில் கத்தி வைத்துக்கொண்ட ஒரு பெண், படுத்தவள் படுத்தவள்தானாம், தண்ணீர்கூட ஸ்பூனில்தானாம். எந்த ஊர்க்காரி என்று கேட்டால் ஒருத்தி பட்டர்வொர்த் என்பாள், இன்னொருத்தி தாசேக் கெலுகோர் என்பாள். பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் நான் அவளை நம்பினேன். கண்ணை மூடினால் அவள் கட்டிலில் நான்தான் கிடந்தேன், என் மகள் பக்கத்தில் நின்று தூக்கச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

அதனால் நான் போன இடம் சாமியறை. "முருகா, கத்தி மட்டும் வேண்டாம். இந்த வலியை எடுத்துடு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துட்டு வரேன்."

எடுத்துவிட்டான். மெய்யாகத்தான் சொல்கிறேன். கொஞ்ச நாளில் ஒரு காலை எழுந்தால் காலில் வலி இல்லை. தும்மிப் பார்த்தேன். இல்லை. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல! அன்றைக்கே விரதம் தொடங்கிவிட்டேன். மஞ்சள் புடவை வாங்கினேன். லைன் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

இடது கால் சிலிப்பர் மட்டும் அடிக்கடி கழன்று விழுந்தது. சிலிப்பர் சரியில்லை என்று புதுசு வாங்கினேன். அதுவும் விழுந்தது. ஃபேக்டரி பஸ்ஸில் ஏறும்போது கால்விரல் படியில் இடித்தது. "என்ன புள்ள, காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிற?" என்று இவர் கேட்டார். "விரதக் களைப்பு," என்றேன். வலி போய்விட்டதே, அதற்கு மேல் யார் காலைப் பார்ப்பார்கள்?

தைப்பூசத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. தலையில் பால்குடம், வெறுங்கால், தார் ரோடு. முதல் நாள் ரதத்துக்கு உடைத்த தேங்காய்களைக் கூட்டி அள்ளியிருந்தார்கள், ஆனாலும் ஓரங்களில் சிரட்டைச் சில்லுகள் கிடந்தன. தண்ணீர்ப் பந்தல்களில் பாட்டு காதைக் கிழித்தது. கூட்டத்தில் எல்லோரும் சூடு தாங்காமல் தத்தித் தத்தி நடந்தார்கள், நிழல் தேடி ஓடினார்கள். எனக்கு வலது கால் வெந்தது. இடது கால் சுகமாக இருந்தது. அருள்தான் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

பின்னால் குடத்தோடு வந்த ஒரு பெண் கத்தினாள். "அக்கா, நில்லுங்க! ரத்தம்!"

திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் சிவப்பாக ஒரு பாத அடையாளம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, இன்னொன்று. யாருக்கோ பாவம் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். அந்த அடையாளங்கள் என் கால்வரை வந்து நின்றன.

கூடவே நடந்து வந்த இவர் ரோட்டிலேயே உட்கார்ந்து என் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலின் ஓரத்தில் சிரட்டைச் சில்லு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. பிடித்து இழுத்தார். இழுத்துவிட்டு, நான் அலறுவேன் என்று என் முகத்தையே பார்த்தார். நான் அவர் தோளைப் பிடித்தபடி சும்மா நின்றேன்.

"வலிக்கலையா?"

"இல்லையே."

அவர் மறுபடி என் காலுக்குக் குனிந்தார். "இப்ப நான் தொடுறது தெரியுதா?"

"எங்க தொடுறீங்க?"

அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போதுதான் அந்தச் சின்ன டாக்டர் சொன்னது முழுசாக என் காதில் விழுந்தது. மரத்துப்போனா அன்னிக்கே. முருகன் வலியை எடுக்கவில்லை. என் கால் செத்துக்கொண்டிருந்தது. அதற்கு நான் விரதம் இருந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். 

அப்போதும் பாருங்கள், "குடத்தைப் பாதியில விட்டா குத்தம் ஆயிடும், மலை ஏறிட்டுப் போறேன்," என்று நான் அடம்பிடித்தேன். எதற்கும் சிரிக்கிற மனுஷன் நடு ரோட்டில் கத்தினார்: "முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்! நீ நட!" பின்னால் வந்த பெண் தன் குடத்தின் துணியை அவிழ்த்தாள். என் பாலைத் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டாள். "நான் சேர்த்திடுறேன், நீங்க போங்கக்கா."

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள். இன்னும் விட்டால் இரண்டு காலும் போகலாம், மூத்திரம்கூட அடைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வார்டில் என் இடப்பக்கம் ஒரு மலாய் டீச்சர், வலப்பக்கம் மீ நூடுல்ஸ் விற்கிற சீன அம்மா, எதிரில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற அக்கா. எல்லோருக்கும் இடுப்புதான். உலகம் பூரா என்று அந்த டாக்டர் சொன்னது சும்மா இல்லை. ராத்திரி ஒருத்தி முனகினால் எல்லோரும் விழித்துக்கொள்வோம். அவரவர் மொழியில் அவரவர் சாமியைக் கூப்பிடுவோம்.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது இவர் கையைப் பிடித்தேன். "நான் எந்திரிக்கலைன்னா பிள்ளையை உங்க அக்காகிட்ட விட்டுடாதீங்க. எண்ணெய் தேய்ச்சே கொன்னுடுவாங்க." பயத்தில் பல் அடித்துக்கொண்டது. அப்போதும் வாய் அடங்கவில்லை.

எழுந்தேன். நடந்தேன். ஆனால் பாதம் பாதமாக இல்லை. "நரம்பு மெதுவாத்தான் வரும். வராமலும் போகலாம்," என்றார்கள். வேலையை விட்டேன். குளிக்கும்போதெல்லாம் வெந்நீரை முதலில் கையில் ஊற்றி, பிறகு அந்தக் காலில் ஊற்றிப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. மகள் தூங்கும்போது அவள் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்ப்பேன். அவள் காலை இழுத்துக்கொண்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அடுத்த தைப்பூசம். நான் குடம் எடுக்கவில்லை, சிலிப்பர் போடாமல் இறங்கக் கூடாது என்று இவர் உத்தரவு. அதே ரோடு, அதே வெயில். தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் பக்கத்தில் மகளுக்குக் குடிக்க சிராப் வாங்க நின்றோம். இடது கால் சிலிப்பர் வழக்கம்போல் கழன்றது. பாதம் தாரில் பட்டது.

நான் அசையாமல் நின்றேன். சிலிப்பரை எடுக்கக் குனிந்த இவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

"என்ன? என்ன ஆச்சு? மறுபடியும் குத்திடுச்சா?"

 அழுகைதான் வந்தது. சுண்டுவிரல் பக்கம் இன்னும் ஒன்றும் தெரியவில்லை, இன்றுவரை தெரியாது. ஆனால் குதிகால் கொதித்தது. அவர் அவசரமாகச் சிலிப்பரை என் காலில் மாட்டப் பார்த்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"கொஞ்சம் இருங்க," என்றேன். "சுடுதுங்க."