மூடிய கதவுக்கு முன்னால் கேட்ட தவணை

கண்ணகை அம்மாளை நம்பி வாழும் சகோதரங்களுக்குப் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு மில்காரி எழுதுகிறேன். எனக்குக் கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் என் கணவரைக் கொண்டுபோனது. கறிக்கு மீன் வாங்கக் கரைக்குப் போனவர். மறுநாள் உடல் கிடைத்தது. அதுவே பெரிய காரியம் என்று ஊரே சொன்ன காலம் அது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கடலால் ஏறிய தண்ணீர் வாவியில்தான் போய் இறங்கியது. வழியில் நின்ற எங்கள் நெல் மில்லையும் அது விடவில்லை. மூட்டைகள் போயின, கணக்குக் கொப்பிகள் போயின, மோட்டருக்குள் உப்புச் சேறு.

அந்த மில் என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்குத்தான். ஓட்டியது அவர், பெயர் என்னுடையது. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களுக்குக் கொடுக்க அந்த மில்லை விட்டால் என்னிடம் வேறொன்றும் இல்லை. வரி கட்ட வேண்டிய தவணையோ நெருங்கி நின்றது. கட்டாவிட்டால் மில்லுக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாவிட்டால் வருகிற அறுவடைக்கு மில்லைத் திறக்க முடியாது. திறக்காமல் வரி கட்ட நான் எங்கே போவேன்? டவுனிலிருந்து ஒருவர் மில்லை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியும் விட்டார். சாம்பல் ஆறவில்லை, விலை பேச வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் கிராம சேவகர் வந்து வாசல் படலைக்கு வெளியே நின்று சொன்னார். “கடலால பாதிச்ச ஆக்களுக்கு வரி கட்ட மேலதிகமாத் தவணை குடுக்கிறாங்க. தைப்பொங்கல் கழிஞ்ச கிழமையோட விண்ணப்பம் முடியுது. உரிமைக்காரர் வரிக் கந்தோருக்கு நேர வந்து கையெழுத்து வைக்கோணும்.”

நான் எழும்பினேன். அம்மா என் கையைப் பிடித்தா. “என்னகா, முப்பத்தொண்டாம் நாள் முடியாம வாசல் தாண்டப் போறியா? துடக்கோட கந்தோருக்குப் போற பொம்பிளைய ஆரும் கண்டிருக்கா?”

நானும் இருந்துவிட்டேன். அம்மா சொன்னது மட்டும் காரணம் இல்லை. அவருக்குச் செய்ய எனக்கு மிச்சமாக இருந்தது அந்தச் சாவுத் துடக்குக் காப்பது ஒன்றுதான். அதையும் ஒரு கையெழுத்துக்காக விட மனம் வரவில்லை. தவணை போனது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் காலையில் தலை முழுகிக்கொண்டு கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் அம்மாளின் கதவு வருசத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இது தை மாதம். மூடிய கதவுக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கேட்டேன். “தாயே, நீயும் புருசனைப் பறிகொடுத்தவள்தானே. உனக்கு நான் சொல்லிக் காட்ட வேண்டுமா? நான் துடக்குக் காத்தது பிழையென்றால் சொல். பிழையில்லை என்றால் என் பிள்ளைகளின் மில்லை எனக்குத் தா.”

அழுதேன். பிறகு பஸ் ஏறினேன். ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றிக்குச் சென்றி இறங்கி நடந்து, வரிக் கந்தோருக்குப் போய்ச் சேர உச்சிப்பொழுதாகிவிட்டது. அங்கே இருந்த கிளாக்கர் காத்தான்குடிக்காரர், முஸ்லிம். என் கடதாசிகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “விண்ணப்பம் முடிஞ்சிட்டு, தங்கச்சி. இனி எடுக்க ஏலாது.”

தாழ்வாரத்து வாங்குப் பலகையில் குந்தினேன். வருவது வரட்டும் என்று அம்மாளை மனதுக்குள் ஏசினேன். உன் கதவும் மூடல், இவர்களின் கதவும் மூடல், என்னை எதற்குப் பஸ் ஏற்றினாய் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கிளாக்கர் வெளியே வந்தார். “ஏன் தங்கச்சி இவ்வளவு பிந்தின?”

“துடக்கு, நானா. முப்பத்தொண்டு நேத்துத்தான் முடிஞ்ச. அதுக்கு முந்தி நான் எப்பிடி வாற?”

அவர் அதே வாங்கின் மற்றத் தலைப்பில் உட்கார்ந்தார்.

“என்ர தங்கச்சிட மாப்பிள்ளையும் அண்டைக்குத்தான் மௌத்தானவர். அவ இத்தாவில இரிக்கா, உங்கட துடக்கு மாதிரி. வெளிய வர நாலு மாசத்துக்கு மேல ஆகும். நெசவுக் கடை அவட பேர்ல. அவவுக்கும் தவணை போயிட்டு. நான் இஞ்ச வேலை செய்றவன். என்ர தங்கச்சிக்காகப் பெரிய ஐயாட்ட வாய் திறந்தா, சொந்தக்காரிக்குக் கேக்கிறான் எண்டுதான் கதை வரும். என்ன செய்யிறதெண்டு விளங்காம ஒவ்வொரு தொழுகையிலயும் துஆக் கேட்டன். இப்ப நீ வந்து நிக்கிறா. உன்ர கதையோட அவட கதையையும் சொல்லலாம்.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நேரத்துக்கு வந்திருந்தால் நான் வரிசையில் நின்று கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருப்பேன். அவருடைய தங்கச்சியின் கதை அவருடைய தொண்டைக்குள்ளேயே கிடந்திருக்கும். பிந்தி வந்தது பிழையா என்று அம்மாளிடம் கேட்டேனே, அந்தப் பிந்தலுக்குத்தான் ஒரு ஆள் அங்கே காத்திருந்தார்.

என்னைப் பெரிய ஐயாவின் அறைக்குக் கூட்டிப் போனார். அவர் சிங்களவர். நான் தமிழில் சொல்ல, கிளாக்கர் சிங்களத்தில் சொன்னார். என் கதை முடிந்ததும் தன் தங்கச்சியின் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். பெரிய ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். செத்த வீட்டுக்காரர் துக்கம் காத்தது பிந்தினதாகாது என்றார். இருவரின் விண்ணப்பத்தையும் எடுக்கச் சொன்னார். வெளியே வரமுடியாத பெண்ணிடம் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்க வேறொரு உத்தியோகத்தரையும் அனுப்பினார். எனக்கு அறுவடை முடியும் வரை தவணை கிடைத்தது.

மோட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினோம். வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல் வட்டைகளில் விளைந்த நெல் தோணியில் வந்தது. மில் சத்தம் கேட்ட அன்று என் மூத்தவள் கைதட்டிச் சிரித்தாள். அவர் போன பிறகு நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு அது. வரியைச் சொன்ன தவணைக்குள் கட்டினேன். வைகாசியில் அம்மாளின் கதவு திறந்தபோது புதுப் பச்சையரிசியோடு முன்வரிசையில் நின்றது நான்தான். ஏசினதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் அது பழக்கம்.

அதன் பிறகு நான் வேறு ஆள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், துடக்கு வீட்டில் பெண் இருக்கட்டும், நான் கந்தோருக்குப் போகிறேன் என்று முதல் நாளே ஓடுவேன். துக்கத்தில் இருக்கிறாள், தவணை தாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன். 2009இல் சண்டை முடிந்த கையோடு வந்த சடங்குக்கு, புருசனை இழந்த எத்தனையோ பெண்கள் கோயில் வெளியில் வந்து நின்றார்கள். அவர்களில் பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. எந்த நாளிலிருந்து துடக்கு எண்ணுவது என்றும் தெரியாது. அவர்களோடும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறேன். சில காரியம் நடந்தது, சில இன்னும் நடக்கவில்லை. நடக்கும்.

அந்தக் கிளாக்கர் நானாவின் தங்கச்சி இப்போது என் மில்லில்தான் நெல் குத்துவிக்கிறா. வந்தால் அதே மாதிரி ஒரு வாங்கில் இருந்து இருவரும் தேத்தண்ணி குடிப்போம்.

சகோதரங்களே, உங்களுக்கும் ஏதோ ஒரு தவணை தப்பியிருக்கும். கோயிலும் பூட்டு, கந்தோரும் பூட்டு என்று நிற்பீர்கள். திரும்பிப் போகாதீர்கள். அந்த வாங்கில் கொஞ்சம் இருங்கள். ஒருவர் வெளியே வருவார்.